ஆண்டுக்கொரு குளிர்த்தி

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல்தரை. அந்தத் தரையில் காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு என்று ஊர்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வெளியூர்க்காரருக்கு இது முடிவில்லாத ஒரு கடைத்தெருவாகத்தான் தெரியும். இந்தக் கரையில் பிறந்தவருக்கு அப்படியில்லை. எந்த மதகோடு தமிழ் ஊர் முடிகிறது, எந்த மின்கம்பத்தோடு முஸ்லிம் ஊர் தொடங்குகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவோம். 1990இல் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு அது உடம்பில் பதிந்த பாடம். முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்னும் எல்லை தாண்டும்போது எனக்குத் தோள் இறுகுகிறது. பக்கத்து இருக்கைக்காரர் மற்ற ஊரைச் சேர்ந்தவரென்றால் அவருக்கும் இறுகும். இருவரும் அதைக் காட்டிக்கொள்ளாமல் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு போவோம்.

நான் போன பஸ் குருக்கள்மடத்தில் நின்றது. ஒருவர் இறங்கினார், இருவர் ஏறினார்கள், பஸ் புறப்பட்டுவிட்டது. 1990 ஜூலையில் இதே வீதியால் ஊர் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்களைப் புலிகள் இங்கே மறித்து இறக்கிக் கொண்டுபோனார்கள். ஹஜ் முடித்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஜனாஸா எதுவும் வீட்டுக்கு வரவில்லை. புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டுமென்று உறவினர்கள் கேட்டுப் பல வருடங்களாக நீதிமன்றத்துக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தார்கள். அடுத்த மாதம், ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூர். 12ஆம் திகதி வீரமுனை. முதல் இரண்டிலும் செத்தவர்கள் முஸ்லிம்கள், மூன்றாவதில் தமிழர்கள். பத்து நாள் இடைவெளிக்குள் இத்தனையும் நடந்தன. இன்றும் ஆகஸ்ட் பிறந்தால் ஒவ்வோர் ஊரும் தன் திகதிக்கு விளக்கேற்றுகிறது, அல்லது துஆ ஓதுகிறது. ஓர் ஊரின் நினைவு நாளுக்கு அடுத்த ஊர் போவது அரிது.

நான் போனது ஆகஸ்டில் அல்ல, வைகாசியில். அதற்குக் காரணம் காரைதீவு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மருதமுனையில் இறங்கினேன். கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பேர்போன ஊர். தறிச் சத்தம் முன்புபோல் வீட்டுக்கு வீடு கேட்பதில்லை என்றாலும் அடியோடு நின்றுவிடவில்லை. தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மூத்த சகோதரி சுனாமிக்கு முந்திய வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கடலோரத்தில் அவருடைய உம்மா சீதனமாகக் கொடுத்த வீடு. 2004 டிசம்பர் 26 காலையில் அது இல்லாமல் போனது. அம்பாறை மாவட்டத்தில் அன்று பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. இந்தக் கல்முனைக் கரைதான் அதில் பெரும்பகுதியைக் கொடுத்தது. கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் இனி வீடு கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள், பிறகு அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். மருதமுனையில் ‘அறுபத்தைந்து மீற்றர் ஆக்கள்’ என்று ஒரு பிரிவே உண்டானது. அவர்களுக்கு வீட்டுத்திட்டம் வந்தது.

“அது அவர்ட பேர்ல உள்ள வீடு தம்பி. நான் இரிக்கன், அவ்வளவுதான்.”

கணவன்மீது அவருக்கு ஒரு குறையும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள இந்தக் கரையின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். தமிழரானாலும் முஸ்லிமானாலும் இங்கே வீடு மகளுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் மனைவியின் வீட்டுக்கு வருவார். குடி என்னும் குலப்பிரிவும் தாய்வழியில்தான் இறங்கும். இரு சமூகமும் ஒரேபோலக் கட்டிக்காத்த முறை இது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சுனாமிக்குப் பின் வந்த நிவாரணக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இதெல்லாம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஓரிடம் இருந்தது. அதில் ஆணின் பேரை எழுதினார்கள். உறுதியும் பல இடங்களில் அந்தப் பேரிலேயே போனது. அலை கொண்டுபோனது சுவரையும் கூரையையும். பெண்ணுக்கு ஊரில் நிற்கக் கிடைத்த காலடி மண்ணைக் கொண்டுபோனது படிவம். இந்த இரண்டாவது இழப்பை எந்த மனநலக் கணக்கெடுப்பிலும் நான் கண்டதில்லை. டிசம்பர் மாதம் பிறந்தால் அவருக்கு நித்திரை இல்லை. கடல் இரைச்சல் கூடினால் பேரப்பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பாராம், இருட்டில், தலையைத் தொட்டுத் தொட்டு.

வீடு கிடைத்தவர்களின் கதை இது. கிடைக்காதவர்களும் உண்டு. அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில் சவூதி அரசின் பணத்தில் ஐந்நூறு வீடுகள் கட்டினார்கள். முஸ்லிம்களுக்கு மட்டும் கொடுக்கக்கூடாது என்று வழக்குப் போட்டார்கள். வீடுகள் வருடக் கணக்காகப் பூட்டிக் கிடந்தன, பற்றை மூடியது.

கல்முனை நகரில் எனக்கு எப்போதும் வியப்புத் தருவது வைத்தியசாலைகள். ஒரே நகரில், நடந்து போகிற தூரத்தில், இரண்டு பெரிய அரசாங்க வைத்தியசாலைகள். ஒன்று தமிழர் பக்கத்தில் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, மற்றது முஸ்லிம்கள் பக்கத்தில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. சட்டப்படி இரண்டிலும் யாரும் போகலாம், போகவும் செய்கிறார்கள். ஆனால் ‘எங்கட ஆஸ்பத்திரி’, ‘அவங்கட ஆஸ்பத்திரி’ என்ற பேச்சு எல்லா வாயிலும் உண்டு. பிரதேச செயலகமும் இப்படித்தான். வடக்குச் செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டுமென்று 2019 ஜூனில் ஒரு பக்கம் உண்ணாவிரதம் இருந்தது. கூடாதென்று மறுபக்கம் சத்தியாக்கிரகம் இருந்தது. அங்காலே சாய்ந்தமருது தனக்குத் தனிச் சபை வேண்டுமென்கிறது. தான் யார், தன் எல்லை எது என்ற கேள்வியில் ஒரு நகரமே நித்திரை கெட்டுக் கிடப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மனநோய்க்கு வைத்தியம் என்பது கிழக்கில் புதிய விசயம். மகேசன் கணேசன் 1990களின் பிற்பகுதியில் மட்டக்களப்புக்கு மனநல வைத்திய நிபுணராக வந்தபோது மாகாணத்தில் அந்தத் துறைக்கு அவரை விட்டால் அநேகமாக வேறு ஆளில்லை. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போர்க்கால மனவடுக்கள் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதத் தொடங்கியிருந்தார். ஒருவனின் மனம் மட்டுமல்ல, முழுச் சமூகமே நோய்ப்படும் என்று சொன்னவர் அவர். இன்று கிளினிக் கொப்பியோடு வரிசையில் இருப்பவர்களைப் பார்க்கலாம். ஆனால் யாரும் நேரே அங்கு வருவதில்லை. தண்ணி ஓதி, நூல் கட்டி, கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நேர்த்தி வைத்து, கோயிலில் வாக்குக் கேட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் மாத்திரை. கடற்கரைப் பள்ளி நாகூர் ஆண்டகையின் பேரில் வருடந்தோறும் கொடியேற்றும் இடம். பன்னிரண்டு நாள் விழாவில் தமிழர்களையும் காணலாம். வைத்தியர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெஞ்சு பதறுகிறவனுக்கு நாலு வாசல் இருப்பது நல்லதுதான், கடைசி வாசலுக்குப் பிந்தாமல் வந்துசேர்ந்தால்.

சாய்ந்தமருதுவைக் கடக்கும்போது பஸ்ஸில் பேச்சு ஒருகணம் தாழ்ந்தது, அல்லது எனக்கு அப்படிப்பட்டது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்கு ஐந்து நாள் கழித்து, 2019 ஏப்ரல் 26 இரவு, அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் இங்கே ஒரு வீட்டுக்குள் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். குழந்தைகள் உட்படப் பதினைந்து பேர் இறந்தார்கள். அந்த வீட்டில் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்ததே ஊர் முஸ்லிம்கள்தான். பிறகு வந்த தேடுதலில் அதை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

காரைதீவில் இறங்கியபோது மதியம். விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்திருந்தது. கிழக்கின் பல கண்ணகி கோயில்களில் வருடத்தில் பெரும்பகுதி கதவு சாத்தியே இருக்கும், வைகாசியில்தான் திறப்பார்கள். கல்யாணக்கால் நட்டு, ‘கண்ணகி வழக்குரை’யைக் காதை காதையாகப் பாடி, வைகாசிப் பூரணையை ஒட்டிக் குளிர்த்தியோடு முடிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சினத்தை, வேம்பும் மஞ்சளும் நீருமாகப் பாட்டுப் பாடித் தணிக்கும் சடங்கு. கேட்டுக்கொண்டிருந்த கிழவர் ஒருவருக்குப் பாடல் முழுக்க மனப்பாடம். பாடுகிறவர் ஒரு சொல்லை விழுங்கினால் இவர் முகம் கோணியது.

இதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு விசயம் அண்மையில்தான் உறைத்தது. கணவனை அநியாயமாக இழந்த ஒரு பெண்ணுக்கு, ‘போதும், நடந்ததை மறந்துவிடு’ என்று இந்த ஊர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சொல்லவில்லை. அடுத்த வருடமும் அவள் எரிவாள் என்று தெரிந்துதான் அடுத்த வருடத்துக்கும் வேம்பு ஒடிக்கிறார்கள். போன வருடக் குளிர்த்தி இந்த வருடத்துக்குச் செல்லாது. ஆற்றுப்படுத்தலுக்கு ஆறு அமர்வு, எட்டு அமர்வு என்று திட்டம் எழுதுகிறவர்கள் இந்தக் கோயிலில் ஓர் இரவு இருந்து பார்க்கலாம்.

இந்தக் கோயில்களுக்குப் போர்க்காலத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. 1990களில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த பற்றீசியா லோரன்ஸ், அம்மன் கோயில்களில் தெய்வமாடுகிறவர்களிடம் தாய்மார் வந்து கேட்ட கேள்விகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மகன் இருக்கிறானா, இல்லையா? பொலிஸிலும் முகாமிலும் கேட்க முடியாத கேள்வி அது. கேட்டால் கேட்டவருக்கே ஆபத்து. ஆகவே அம்மனிடம் கேட்டார்கள்.

காரைதீவிலிருந்து மேற்கே திரும்பும் வீதி மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகிறது. இரு புறமும் வயல். காரைதீவில் நான் பிடித்த ஆட்டோவை ஓட்டிய பையன் சம்மாந்துறைக்காரன். மாவடிப்பள்ளிக் கட்டில் வேகத்தைக் குறைத்தான். 2024 நவம்பர் வெள்ளத்தில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் இந்த வீதியில்தான் அடித்துச் செல்லப்பட்டது. தண்ணீர் இல்லாத வைகாசியிலும் அவன் மெதுவாகத்தான் கடந்தான்.

சம்மாந்துறையின் பக்கத்தில் வீரமுனை. வயல் சூழ்ந்த தமிழூர். சோழ இளவரசி சீர்பாததேவியும் அவள் கணவன் வாலசிங்கனும் வந்த கப்பல் திருகோணமலைக் கடலில் அசையாமல் நின்றதாம்; கடலடியில் ஒரு பிள்ளையார் கிடைத்தாராம்; கப்பல் தடையின்றிப் போய் எங்கே தரைதட்டுகிறதோ அங்கே கோயில் கட்டுவதாக நேர்ந்தார்களாம்; அது இங்கே தட்டியதாம். அப்படி எழுந்தது சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் என்பது ஐதீகம். சீர்பாதர் குலத்தவர் தம் பூர்வீகத்தை இந்தக் கதையில் தொடங்குகிறார்கள். அலைந்த கப்பல் நின்ற இடம் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

1990 ஜூனில் சண்டை மூண்டதும் சுற்றுப்பட்டுத் தமிழூர்ச் சனமெல்லாம் இந்தக் கோயிலுக்குத்தான் அகதியாக வந்தது. படையினர் சுற்றிவளைத்து ஆண்களைத் தெரிந்து ஏற்றிப் போனார்கள், பல தடவை. போனவர்கள் வரவில்லை. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஆயுதங்களோடு கோயிலுக்குள்ளேயே புகுந்தார்கள். ஊர்காவல் படையினர் என்பது ஊரார் வாக்கு. பெண்கள், பிள்ளைகள் என்று பார்க்கவில்லை. ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் காரைதீவுக்கும் திருக்கோவில் பக்கமும் போய்ச் சில வருடங்கள் அகதியாய் இருந்துவிட்டுத் திரும்பினார்கள்.

கோயில் வீதியில் நிற்கையில் எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. இது எனக்குப் பழக்கம். கை குளிரும், கால் தரையில் இல்லாததுபோல் இருக்கும், நான் நான்தானா என்று ஒரு சந்தேகம் வரும். பத்து நிமிடத்தில் தானாகவே அடங்கும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார், உண்மைதான், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அதை நம்புவது கடினம். மாத்திரையை எடுத்தேன். எதிர் வீட்டு விறாந்தையிலிருந்து ஓர் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“நெஞ்சிடியா மனெ? இரி, இரி. எனக்கும் அதான். விடியச் சாமத்துல வரும்.”

அவருடைய கணவரையும் அந்த ஜூனில்தான் கொண்டுபோனார்கள். அவர் இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டார், நானும் கிளறவில்லை. ஆனால் படிவங்களைப் பற்றி நிறையப் பேசினார். காணாமற்போனோருக்கென்று 2016இல் சட்டம் வந்து 2018இல் ஓர் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றும் சட்டத்தில் வந்தது. அதற்கு முன் அரசாங்கத்திடம் எதைக் கேட்டுப் போனாலும் மரணச் சான்றிதழ் எடுத்து வா என்பார்கள்.

“விதவை எண்டு எழுதவா, கலியாணம் முடிச்ச எண்டு எழுதவா எண்டு கிராம சேவகர் கேப்பார். நான் என்னத்தச் சொல்ற? காலம்பற எழும்பிக் கண்ணாடிக்கு முன்னால நிண்டா பொட்டு வைக்கிறதா இல்லையா எண்டு அதே யோசனைதான். ஒரு நாள் வைப்பன், ஒரு நாள் வைக்கமாட்டன். சனம் பைத்தியம் எண்டு நினைக்கும்.”

வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கச் சிப்பாய்களின் மனைவிமாரை 1970களில் ஆராய்ந்த போலின் பொஸ் இந்த நிலையைத்தான் முடிவு தெரியாத இழப்பு என்றார். அழுது முடிக்கவும் முடியாது, காத்திருந்து முடிக்கவும் முடியாது. இதில் குழம்புவது நோயல்ல, நிலைமை அப்படி என்பது அவர் வாதம். குருக்கள்மடத்தில் கணவனைப் பறிகொடுத்த காத்தான்குடிப் பெண்களை நினைத்தேன். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா என்னும் காத்திருப்பு. ஜனாஸாவே காணாதவள் எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவாள்? பொட்டுக்கும் இத்தாவுக்கும் ஒரே கேள்வி. ஒரே கரைப்பக்கத்தில் இருக்கும் இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் கண்டதேயில்லை.

குளிர்த்திக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். போகாமல் என்றார். “அவர் வந்தாலும் போவன், வராட்டியும் போவன்.”

ஆட்டோப் பையன் இவ்வளவு நேரமும் வேம்படியில் நின்றான். அந்த அம்மா அவனுக்கும் தண்ணீர் கொடுத்தார், எந்த ஊர் என்று கேட்டார், சம்மாந்துறை என்றான், யாருடைய மகன் என்றார். அவனுடைய மூத்தப்பாவின் வயலுக்குப் பக்கத்து வட்டையில் இவர்களுக்கும் காணி இருந்திருக்கிறது. அந்த மூத்தப்பா சூடடித்த நெல்லைப் பற்றிப் பேச்சுப் போனது. 1990 பற்றி இருவரும் ஒரு சொல்லும் எடுக்கவில்லை. முகம் பார்த்து, கவனமாக, தொடக்கூடாத இடத்தை விலக்கி விலக்கிப் பேசினார்கள். பொய்யான பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். தினமும் ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட வேண்டியவர்களுக்கு இது பிழைக்கும் வழி.

திரும்பி வரும்போது மாவடிப்பள்ளி தாண்டும்வரை அவன் பேசவில்லை. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“அண்ணன், அங்க போட்ட குளிச என்னத்துக்கு?”

சொன்னேன்.

“கை நடுங்குறதுக்கும் சரிவருமா?”

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சுனாமி அன்று அவனுக்கு நாலு வயது. காரைதீவில் சாச்சியின் வீட்டில் இருந்தவனை யாரோ தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், யாரென்று இன்றுவரை தெரியாது. 2019இல் கட்டாருக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான். அந்த ஏப்ரலுக்குப் பிறகு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி இறக்கிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். யூனிபோம் கண்டால் இப்போதும் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. பயணமும் நின்றுபோனது. குளிசையின் பேரைச் சொன்னால் பாமசியில் வாங்கிவிடுவேன் என்றான். அப்படி வாங்கக்கூடாது, கிளினிக்குக்குப் போய்க் காட்டித்தான் எடுக்க வேண்டும், அஷ்ரப் ஆஸ்பத்திரி உனக்குக் கிட்டத்தானே என்றேன்.

“அங்க போகேலா அண்ணன். மாமிட மகள் அங்க நேர்ஸ். வரிசையில நிண்டா ராவைக்கே ஊர் முழுக்கத் தெரிஞ்சிரும். பொண்ணு பேசிக்கிட்டு இரிக்காங்க.”

சந்தியில் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“வடக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம். அங்க என்னை ஆருக்கும் தெரியா.”